மரீனா பே: அக்கரையிலிருந்து கோபுரங்களைப் படமெடுக்க

சிங்கப்பூரின் மரீனா பே சாண்ட்ஸ் கடைத்தொகுதிக்கு முன்னுள்ள நடைபாதை மேற்கு பார்த்தது. தண்ணீருக்கு அப்பால் ராஃபிள்ஸ் பிளேஸ் என்ற வணிக வட்டாரத்தின் அலுவலகக் கோபுரங்கள். அவற்றின் பின்னால்தான் சூரியன் இறங்கும். ஆண்டு முழுவதும் 6.50க்கும் 7.20க்கும் இடையில் மறைந்துவிடும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் அந்தி நீடிக்காது. வானத்தின் நீலமும் ஜன்னல் வெளிச்சமும் சமமாக நிற்பது, சூரியன் மறைந்து கால் மணி நேரம் கழித்து, ஏறக்குறைய பத்து நிமிடம்தான். மற்ற ஏற்பாடெல்லாம் அதற்குள் முடிந்திருக்க வேண்டும். வார நாளில் போங்கள். விடுமுறையில் அலுவலக மாடிகள் பல இருண்டு கிடக்கும்.

மாலை 6.15க்கே வந்துவிடுவது நல்லது. ஏசியில் குளிர்ந்த லென்ஸ் வெளிக்காற்று பட்டதும் வியர்க்கும். துடைத்தாலும் திரும்பப் படியும். பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியில் வைத்திருந்தால் போதும்.

பெரும்பாலான படங்கள் கெடுவது தரையால். நடைபாதை மரப்பலகை, ஒருவர் ஓடிக் கடந்தாலே முக்காலி அதிரும், ஜன்னல்கள் இரட்டையாக விழும். கான்கிரீட் தரை தேடுங்கள். முக்காலியின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணைத்து, 2 நொடி டைமரில் எடுங்கள். லென்ஸ் துளை எஃப் 8, ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 100 என வைத்தால், அந்தப் பத்து நிமிட நீல நேரத்தில் ஒரு படத்துக்கு 4 முதல் 8 நொடி வரை ஆகும். கூட்டம் ஓயவில்லையா? ஐஎஸ்ஓ 400க்கு ஏற்றினால் 8 நொடி 2 நொடியாகும்; ஆள் வராத இடைவெளி பார்த்துப் பல படங்கள் எடுத்து ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்.

ஃபோகஸை லென்ஸின் முடிவிலிக் குறியை நம்பி வைக்காமல், திரையில் பெரிதாக்கி ஏதாவதொரு ஜன்னல் விளிம்பில் வைத்து, மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். யுவி ஃபில்டரைக் கழற்றுங்கள். விளக்குகள் அதில் பட்டுத் திரும்பி வானத்தில் பச்சைப் புள்ளிகளாக நிற்கும். கேமராவை மேலே சாய்த்தால் கோபுரங்கள் உள்நோக்கிச் சாயும். மட்டமாக வைத்து, மிஞ்சும் தண்ணீரைப் பிறகு வெட்டுங்கள். உச்சியிலுள்ள நிறுவனப் பெயர்ப்பலகைகள் ஒளி மிகுந்து முதலில் வெளுக்கும். ரா கோப்பில் (சென்சார் பதிவை அப்படியே வைத்திருக்கும் வடிவம்), இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு ஒளி இடைவெளியில் மூன்று படங்கள் எடுத்துவைத்தால் அவற்றை மீட்கலாம்.

2008இல் மரீனா அணை வந்தபின் இந்த விரிகுடா நன்னீர்த் தேக்கம். அலை ஏற்ற இறக்கம் கிடையாது. ஆனாலும் சுற்றுலாப் படகுகள் தண்ணீரைக் கலைத்துக்கொண்டே இருக்கும். மாலையில் கிடைப்பது ஒளிக்கோடுகள்தான். கண்ணாடிபோன்ற பிரதிபலிப்பு வேண்டுமென்றால் காற்றில்லாத விடியற்காலையில், சூரியன் உதிக்க அரை மணி நேரம் முன்பு வர வேண்டும். அப்போது விளக்கெரியும் ஜன்னல்கள் குறைவாகத்தான் இருக்கும். இரவு 8 மணி ஒளிக்காட்சிக்கு முன் அதன் நீரூற்றுகளிலிருந்து தள்ளிப் போய்விடுங்கள். காற்று திரும்பினால் சாரல் லென்ஸில் விழும்.