நிலாவெளியில் படகேறும் முன்

திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள புறாத்தீவுக்குப் போக நிலாவெளிக் கரையில் காரை நிறுத்தியபின் டிக்கியைத் திறந்து பைகளை அடுக்குகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. எது எங்கே இருக்கிறதென்று ஊருக்கே காட்டுகிற வேலை அது. அடுக்குவதை விடுதி வாசலிலேயே முடித்துவிடுங்கள்.

இருக்கைகளில் எதுவும் கிடக்கக்கூடாது, வெறும் பைகூட. ஒருமுறை என் காரின் கண்ணாடியை உடைத்து ஒரு பையை எடுத்துப் போனார்கள். உள்ளே இருந்தது ஈரத் துவாய் மட்டும். புதுக் கண்ணாடிக்குப் பணம் கட்டியது நான்.

கடவுச்சீட்டும் பணமும் உங்களோடு வரட்டும். மடிக்கணினியை விடுதியில் விடுங்கள். பூட்டிய காரின் வெக்கை அதன் பற்றரிக்கு ஆகாது. ரிமோட் திறப்பை நீர்புகாப் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டுங்கள். உப்புநீர் புகுந்தால் அது செத்துவிடும்.

பூட்டியதும் ஒவ்வொரு கதவையும் இழுத்துப் பாருங்கள். கோணேசர் கோயிலுக்குப் போகும்போது இது இன்னும் அவசியம்: கோயிலுக்குப் போகும் வழியிலுள்ள பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்களைப் பார்க்கப் பிள்ளைகள் இறக்கிய கண்ணாடியை யாரும் ஏற்றியிருக்கமாட்டார்கள்.