ஒழுங்கற்ற குழியைக் கணினி கண்டுபிடிக்க: ட்ரைமெஷ் செய்முறை

பெங்களூரின் பொம்மசந்திரா, பீன்யா டூல்ரூம்களில் (அச்சு செய்யும் பட்டறைகளில்) புதிதாகச் சேர்ந்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது. துளை, ஸ்லாட் எல்லாம் தளமும் உருளையுமாக இருப்பதால் சாஃப்ட்வேர் சட்டென்று பிடித்துவிடும். பாட்டில் அச்சின் விரல் பள்ளமோ காஸ்டிங்கின் அமுக்கமோ அப்படியில்லை. வளைவை அளந்துதான் பிடிக்க வேண்டும்.

படி 1: பைத்தானில் ட்ரைமெஷ் (முக்கோணங்களால் ஆன 3டி மாடல்களைக் கையாளும் நூலகம்), அதற்குத் துணையான சைபை, நெட்வொர்க்எக்ஸ், ஆர்ட்ரீ நான்கையும் நிறுவுங்கள். எடுத்த எடுப்பில் உங்கள் பார்ட் வேண்டாம். ஐகோஸ்பியர் (முக்கோணங்களால் ஆன கோளம்) ஒன்றை 10 மி.மீ. ஆரம், 5 உட்பிரிவுகளோடு உருவாக்குங்கள். 20,480 முக்கோணங்கள் வரும், விளிம்பு சுமார் 0.4 மி.மீ.

படி 2: 1 மி.மீ. ஆரமுள்ள கற்பனை உருண்டை வைத்து, முக்கோணங்கள் சந்திக்கும் ஒவ்வொரு முனையிலும் சராசரி வளைவையும் (எல்லாத் திசை வளைவுகளின் சராசரி; புடைப்பில் நேர்க்குறி, பள்ளத்தில் எதிர்க்குறி) காஸ் வளைவையும் (மிக அதிக வளைவையும் மிகக் குறைந்த வளைவையும் பெருக்கியது) கணக்கிடுங்கள். ட்ரைமெஷ் தருவது உருண்டைக்குள் அடங்கிய கூட்டுத்தொகை; அதை பை × 1² = 3.14-ஆல் வகுக்க வேண்டும். சராசரி 0.1, காஸ் 0.01-ஐ ஒட்டி வந்தால் சரி. காஸ் கொஞ்சம் ஆடும். முனைகளை எண்ணிக் கூட்டுவதால் அப்படி.

படி 3: 0.5 மி.மீ. ஆழம், சிக்மா (அகல அளவு) 1.5 மி.மீ. உள்ள காஸியன் குழி (கவிழ்த்த மணி வடிவக் குழி) ஒன்றை அந்தக் கோளத்தில் அமுக்கி, மறுபடி அளங்கள். குழியின் நடுவில் சராசரி வளைவு −0.08 அளவுக்கு இறங்கும். இப்போது உருண்டையின் ஆரத்தை 2 மி.மீ. ஆக்கிப் பாருங்கள்: எண் பூஜ்யத்துக்கு ஏறி, குழி காணாமல் போகும்! பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான். உருண்டையின் ஆரம், தேடும் குழியைவிடச் சிறிதாகவும் முக்கோண விளிம்பைப்போல் இரண்டு மூன்று மடங்காகவும் இருக்கட்டும். அதற்கும் கீழே போனால் கிடைப்பது வெறும் இரைச்சல்.

படி 4: சராசரி எதிர்க்குறி, காஸ் நேர்க்குறி உள்ள முனைகளை மட்டும் எடுத்து, அடுத்தடுத்து இருப்பவற்றை ஒரே குழுவாக்குங்கள். காஸ் நிபந்தனையை விட்டுவிட்டால் உள்மூலை ஃபில்லட் (மூலையை உருட்டிய வளைவு) அத்தனையும் குழியாக எண்ணப்படும். ஃபில்லட்டில் காஸ் ஏறக்குறைய பூஜ்யம். குழுவில் சிக்குவது குழியின் அடிப்பகுதி மட்டுமே, அதன் பரப்பைக் குழியின் பரப்பு என்று ரிப்போர்ட்டில் போட்டுவிடாதீர்கள்.

இனி சொந்த ஃபைல். எஸ்டிஎல் (முக்கோண மாடலைச் சேமிக்கும் ஃபைல் வகை) ஃபைலில் அலகு கிடையாது. முதலில் நீள அகலத்தைச் சரிபாருங்கள், அங்குலத்தில் வந்திருக்கலாம். ஸ்கேன் என்றால் டாபின் முறையில் மென்மையாக்குங்கள். லாப்லாசியன் என்ற இன்னொரு மென்மையாக்கும் முறை மாடலையே சுருக்கிவிடும். கேட் ஃபைலில் கோடுகோடாக வளைவு தெரிந்தால், டாலரன்ஸை (முக்கோணம் அசல் வளைவிலிருந்து விலகலாம் என்ற அளவை) குறைத்து மறுபடி எக்ஸ்போர்ட் செய்யுங்கள். பழைய முக்கோணங்களை உடைத்துப் பயனில்லை, துண்டுகளும் அதே தட்டைத் தளத்திலேயே கிடக்கும்.