தானியங்கி டாக்கிங்: வேகக் கணக்கில் நேரும் தவறுகள்

இரண்டு விண்கலங்களைத் தானாக இணைக்கும் மென்பொருளில் எல்லோருடைய கண்ணும் தூரத்தின் மீதே இருக்கும். உண்மையில் கலத்தைக் கவிழ்ப்பது சார்பு வேகம், அதாவது ஒரு கலத்தைப் பொறுத்து மற்றதன் வேகம். 400 கி.மீ. உயரத்தில் ஒரு சுற்றுக்குச் சுமார் 92 நிமிடம். பயணத் திசையில் நொடிக்கு 1 செ.மீ. பிழை இருந்தால் போதும், ஒரே சுற்றில் கலம் ஏறத்தாழ 165 மீட்டர் விலகிவிடும்.

தரையில் வண்டி ஓட்டும் பழக்கத்தில் யோசிப்பது பழைய தவறு. முன்னால் போகும் கலத்தை நோக்கி உந்தினால் நம் பாதை உயரும், சுற்று நேரம் கூடும், பின்தங்குவோம். 1965 ஜூனில் நாசாவின் ஜெமினி 4 விண்கலம் இப்படித்தான் தன் ராக்கெட்டின் இரண்டாம் நிலையை நெருங்க முயன்று, எரிபொருளை இழந்து கைவிட்டது. பின்னாலிருந்து எட்டிப்பிடிக்கத் தாழ்ந்த பாதைக்கு இறங்க வேண்டும்.

இதைவிட நுட்பமான தவறு, சோதனைக்கூடத்தில் சென்சார் பிழையே செய்யாது என்று வைத்துக்கொள்வது. ஒரு செயற்கைக்கோளைத் தானாக நெருங்கிக் காட்ட அனுப்பப்பட்ட நாசாவின் டார்ட் கலம் 2005 ஏப்ரல் 15 அன்று இதற்கு விலை கொடுத்தது. அதன் ஜி.பி.எஸ். கருவி வேகத்தை நொடிக்கு சுமார் 0.6 மீட்டர் தவறாக அளந்தது. சிமுலேஷனில் (கணினிச் சோதனையில்) அந்தக் கருவிக்குப் பதிலாக இருந்த மாதிரியோ வேகத்தைத் துல்லியமாக அளந்தது, அதனால் கோளாறு வெளியே வரவில்லை. விண்ணில் மென்பொருளின் மதிப்பீடும் அளவீடும் எல்லை தாண்டி வேறுபட்டபோதெல்லாம் கணக்கு புதிதாகத் தொடங்கியது, அதே தவறான வேகத்திலிருந்து. வீண் உந்துதல்களில் எரிபொருள் கரைந்தது. கடைசியில் நொடிக்கு சுமார் 1.5 மீட்டர் வேகத்தில் இலக்கில் மோதியது. மோதல் தவிர்ப்பு ஏற்பாடும் அதே தரவையே நம்பியிருந்ததால், விலகிக்கொண்டிருப்பதாகவே கலம் நினைத்தது. இத்தகைய மோதல் தவிர்ப்பு ஏற்பாட்டுக்குத் தனிச் சென்சாரும் தனிக் கணக்கும் வேண்டும். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

ஒரு சென்சாரிலிருந்து அடுத்ததற்கு மாறும் கட்டமும் கவனம் கேட்கிறது. குறிப்பிட்ட ஒரு புள்ளியைத் தொட்டால்தான் அடுத்த சென்சார் முழுமையாக வேலைக்கு வரும் என்று எழுதாதீர்கள். டார்ட் அந்தப் புள்ளியைச் சிறிது தூரத்தில் தவறவிட்டது, நெருக்கக் காட்சிச் சென்சார் தூரத்தை அளக்கவே இல்லை. லேசர் சென்சாருக்கு வேறு தொல்லை: 2012 மே மாதம் ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் கலத்தின் லைடார் (லேசரால் தூரம் அளக்கும் கருவி), சர்வதேச விண்வெளி நிலையத்தின் ஜப்பானிய ஆய்வுக்கூடமான கிபோவிலிருந்து வந்த தேவையற்ற எதிரொளிப்பில் தடுமாறியது. பார்வைப் பரப்பைக் குறுக்கிய பின்பே நெருங்க முடிந்தது.

கோளாறு வந்தால் 'நின்றுவிடு' என்று கட்டளையிடுவது பாதுகாப்பல்ல. நிற்பதற்கும் உந்தி (த்ரஸ்டர்) வேலை செய்ய வேண்டும். ஒவ்வொரு உந்துதலும் பாதியில் நின்றால் கலம் எங்கே மிதக்கும் என்று 24 மணி நேரத்துக்குக் கணக்கிட்டு, இலக்கைத் தொடாத பாதையைத் தேர்ந்தெடுங்கள். இறுதி மீட்டர்களில் பிரேக் போடும் உந்தியின் வாயு இலக்கின் மீது அடித்து அதைத் திருப்பிவிடும் என்பதையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

தொடும் வேகம் குறையக் குறைய நல்லது என்பதும் தவறு. டாக்கிங்குக்கான சர்வதேசத் தரத்தில் அச்சுத் திசை வேகம் (நேராக நெருங்கும் வேகம்) நொடிக்கு 5 முதல் 10 செ.மீ. அதற்குக் கீழே போனால் தாழ் விழாமல் கலம் துள்ளி விலகலாம். ஆனால் மிகச் சிறிய கலங்களுக்கான இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் இணைப்பு நொடிக்கு 10 மி.மீ. அளவில் தொடுமாறு வடிவமைக்கப்பட்டது. ஆக, வேகத்தை முடிவு செய்ய வேண்டியது உங்கள் இணைப்புப் பொறியின் வடிவமைப்பு எல்லையைப் பார்த்துத்தான்.