படப்புத் தூசியால் கெட்ட நுரையீரலை ஆண்டுக்காண்டு கவனிக்கும் முறை

தாமிரபரணிப் பாசனத்தில் கார் எனப்படும் முதல் போக அறுவடையின் கடைசி நாட்களோடு வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொள்ளும் ஆண்டுகளில், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வட்டாரத்து வைக்கோல் சரியாக உலராமலே படப்பில், அதாவது வைக்கோல் போரில், ஏறிவிடுகிறது. அத்தகைய படப்புக்குள் கையை விட்டால் வெதுவெதுப்புத் தெரியும். மாட்டுக்கு உருவும்போது வெள்ளையும் சாம்பலுமாகப் புகைபோலத் தூசி கிளம்பும். அந்தச் சூட்டில் பெருகிய நுண்ணுயிரிகளையும் பூஞ்சைகளையும் சிலருடைய உடல் எதிரியாகக் கருதிப் போராடுவதால் காற்றறைகள் அழற்சியடைவதே 'விவசாயி நுரையீரல்' என்னும் ஒவ்வாமை நோய். பீடியைத் தொடாதவர்களுக்கும் இது வரும்.

தூசி பட்ட 4 முதல் 8 மணி நேரத்தில் காய்ச்சல், குளிர்நடுக்கம், வறட்டு இருமல், மூச்சுமுட்டல் தோன்றி, ஓரிரு நாளில் தணிந்துவிடும். தணிந்துவிடுவதுதான் இதிலுள்ள ஆபத்து. காய்ச்சல் மாத்திரையோடு விஷயம் முடிந்ததென்று எண்ணி மறுபடியும் படப்புக்கே போகிறோம். ஆகவே வைக்கோல் உருவிய நாளையும் காய்ச்சல் வந்த நாளையும் காலண்டரில் குறித்து, அதை மருத்துவரிடம் காட்டுங்கள். சிலருக்குக் காய்ச்சலே வராமல், ஆண்டுக்கணக்கில் இருமலும் இளைப்பும் கூடி, எடை குறைந்து, விரல் நுனிகள் உருண்டு பருக்கும். இதை வயதின்மேல் பழிபோட்டு விட்டுவிடக் கூடாது. காசநோயும் இப்படியே தோன்றும் என்பதால் சளிப் பரிசோதனையைத் தவிர்க்க வேண்டாம்.

அழற்சி தொடர்ந்தால் நுரையீரலில் தழும்பு விழுந்து அது விறைத்துப்போகும். தழும்பான பகுதி பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. இதை அளக்க ஸ்பைரோமெட்ரி என்னும் மூச்சு ஊதும் சோதனை செய்யும்போது, முழுக்க இழுத்த மூச்சை வேகமாக ஊதி வெளியேற்றும் மொத்த அளவான 'எஃப்விசி'யைக் கேட்டு வாங்குங்கள். ஆஸ்துமாவில் காற்று வெளியேறும் வழி அடைபடுகிறது. இங்கோ பெரும்பாலும் நுரையீரல் என்னும் பையே சுருங்குவதால், முதல் நொடியில் வெளியேறும் காற்றின் விகிதம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். அந்த ஒரு எண்ணைப் பார்த்து நிம்மதியடைவது தவறு. காற்றறையிலிருந்து இரத்தத்துக்கு வாயு கடப்பதை அளக்கும் 'டிஎல்சிஓ' சோதனையும், 6 நிமிட நடையில் ஆக்சிஜன் இறங்குகிறதா என்பதும் சேர்ந்தால்தான் படம் முழுமையாகும். அடிக்கடி தாக்கப்பட்ட சிலருக்குக் காற்றறைச் சுவர்கள் சிதைந்து அடைப்பு வகைக் குறைபாடும் வருவதுண்டு. எஃப்விசியை, உங்கள் வயதுக்கும் உயரத்துக்கும் எதிர்பார்க்கப்படும் அளவில் இத்தனை சதவீதம் என்று தாளில் குறிப்பார்கள்; ஓராண்டுக்குள் அது 5 சதவீதப் புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் (80 இருந்தது 75 ஆனால்) உடனே நெஞ்சகநோய் மருத்துவரைப் பாருங்கள்.

ஸ்டீராய்டு மாத்திரை அழற்சியை விரைவில் தணிக்கும், தழும்பை அகற்றாது. நின்டெடானிப் போன்ற மருந்துகள் தழும்பு கூடும் வேகத்தைக் குறைக்கின்றன, அவ்வளவே. தூசியை விடாமல் மாத்திரையை மட்டும் விழுங்குவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

எனவே நோயுள்ளவர் படப்பு வேலையை வீட்டில் வேறொருவரிடம் விட்டுவிடுவதே நல்லது. முடியாதபோது முகத்தோடு ஒட்டிய என்95 முகக்கவசம் வேண்டும். மூக்கைச் சுற்றிய துண்டு இந்த நுண்தூசியைத் தடுக்காது. மாசி, பங்குனி வெயிலில் மொறுமொறுவென உலர்ந்த பிசான (இரண்டாம் போக) வைக்கோலைத் தீவனத்துக்கு ஒதுக்கி, நனைந்த கார் வைக்கோலைப் படப்பில் ஏற்றாமல் விடலாம். மாடியில் புறா வளர்ப்பவர் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், ஏனெனில் புறா எச்சமும் இறகுத் தூசியும் இதே வகை நோயைத் தரும். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது பழைய ஸ்பைரோமெட்ரி தாள்கள் அத்தனையையும் ஒரே உறையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.