டாக் வாங்கும் முன் ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கத்தைப் பாருங்கள்

டாக் (DAC) என்பது டிஜிட்டல் இசையை ஆம்ப்ளிஃபையருக்கு ஏற்ற சிக்னலாக மாற்றும் கருவி. "எந்த டாக் வாங்கலாம்?" என்று நண்பர்கள் கேட்டால் நான் அவர்களிடம் இரண்டு போட்டோ கேட்பேன். ஒன்று, ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கம். இன்னொன்று, பாட்டு எதிலிருந்து வருகிறதோ அந்த லேப்டாப் அல்லது டிவியில் உள்ள சாக்கெட்டுகள். டாக்குக்குள் என்ன சிப் இருக்கிறது என்பதைவிட, இந்த இரண்டுக்கும் நடுவே டாக் சரியாக உட்காருமா என்பதுதான் எனக்கு முக்கியம். பொருத்தம் சரியாக இருந்தால் நடுத்தர டாக்கே வருஷக்கணக்கில் நன்றாகப் பாடும். பொருத்தம் தப்பினால் எவ்வளவு உயர்ந்த டாக்கிலும் இரைச்சல் வரும்.

டாக் செய்யும் வேலை எளியது. சிடியில் ஒரு வினாடி இசை, ஒவ்வொரு சேனலுக்கும் 44,100 எண்களாக இருக்கிறது. ஒவ்வொரு எண்ணும் 16 பிட். இந்த எண்களை ஆம்ப்ளிஃபையருக்குப் புரியும் மின்னழுத்தமாக மாற்றித் தருவதுதான் டாக். போன், லேப்டாப், டிவி, சிடி பிளேயர் எல்லாவற்றிலும் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. அப்படியென்றால் தனியாக ஒன்று எதற்கு?

அதை உங்கள் காதே சொல்லிவிடும். லேப்டாப்பின் ஹெட்போன் சாக்கெட்டிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு ஒரு கேபிள் போடுங்கள். பாட்டை நிறுத்திவிட்டு, நீங்கள் வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு வால்யூமை வையுங்கள். இப்போது ட்வீட்டரின் (ஸ்பீக்கரில் கீச்சு ஒலிகளைத் தரும் சிறிய வட்டம்) அருகே காதைக் கொண்டுபோய் மவுஸை இங்கும் அங்கும் நகர்த்துங்கள். ஒரு பெரிய ஃபைலைக் காப்பி செய்துபாருங்கள். மவுஸ் நகரும்போதெல்லாம் மெல்லிய 'கிர்ர்' சத்தமோ கீச்சொலியோ கூடவே வந்தால், லேப்டாப்புக்குள் இருக்கும் மின் இரைச்சல் ஆடியோவில் கலக்கிறது என்று அர்த்தம். தனி டாக் பெரும்பாலும் உதவும். ஒன்றுமே கேட்கவில்லை, அமைதியாக இருக்கிறது என்றால் அவசரப்பட வேண்டாம். அந்தப் பணத்தை ஸ்பீக்கருக்கு ஒதுக்குங்கள். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தாலே, டாக்கை மாற்றுவதைவிடப் பெரிய வித்தியாசம் கேட்கும்.

உள்ளே வரும் வழி

கம்ப்யூட்டரில் பாட்டு கேட்பவர்களுக்கு யூஎஸ்பிதான் சரியான வழி. இன்று வரும் பெரும்பாலான டாக்குகள் அசிங்க்ரனஸ் முறையில் வேலை செய்கின்றன. அதாவது, தாளம் போடுவது டாக்குக்குள் இருக்கும் கடிகாரம். அது கேட்கும் வேகத்தில் கம்ப்யூட்டர் டேட்டாவை அனுப்பும். அதனால் கம்ப்யூட்டரின் கடிகாரம் எவ்வளவு தடுமாறினாலும் இசையைத் தொடாது. மேக்கிலும் லினக்ஸிலும் பெரும்பாலும் செருகினால் போதும். விண்டோஸ் 10-இல் 2017-க்குப் பிறகு வந்த பதிப்புகளில் தனி டிரைவர் இல்லாமலே வேலை நடக்கும். அதற்கு முந்தைய விண்டோஸ் என்றால் டாக் தயாரித்த நிறுவனத்தின் டிரைவரைப் போட வேண்டும். கேபிள் பற்றி ரொம்ப யோசிக்காதீர்கள். பிரின்டருக்குப் போடும் சதுர முனை கேபிளோ, டைப்-சி கேபிளோ, டாக்கில் இருக்கும் சாக்கெட்டுக்கு ஏற்ற, உறுதியான, நீளம் குறைந்த ஒன்று போதும்.

டிவிக்கு ஆப்டிகல். 1983-இல் தோஷிபா கொண்டுவந்த இணைப்பு இது. தோஸ்லிங்க் என்றும் சொல்வார்கள். இதில் மின்சாரம் போவதில்லை, வெளிச்சம் மட்டும்தான் போகிறது. ஆகவே டிவியின் மின் இரைச்சல் ஆடியோ பக்கம் வர வழியே இல்லை. புதுக் கேபிளின் இரண்டு முனையிலும் கண்ணுக்கே தெரியாத மாதிரி சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்றிவிட்டுத்தான் செருக வேண்டும். பிளக்கை உற்றுப் பார்த்தால் சதுரமாக இருந்தாலும் இரண்டு மூலை மட்டும் வெட்டியது போல இருக்கும். சாக்கெட்டும் அதே வடிவம்தான். திசை பார்த்து மெதுவாகத் தள்ளினால் 'டக்' என்று உட்காரும். அழுத்தித் திணித்தால் சாக்கெட்டின் கதவு உடைந்துவிடும். ஒரு முனையை டிவியில் போட்டுவிட்டு மறுமுனையை உள்ளங்கைக்கு நேராகப் பிடியுங்கள். சிவப்பு வெளிச்சம் தெரிந்தால் டிவி அனுப்புகிறது, கேபிள் நன்றாக இருக்கிறது. கேபிளை மட்டும் கூர்மையாக மடிக்கக் கூடாது.

டிவியில் எல்லாம் சரியாகச் செருகியும் சத்தமே வரவில்லை என்று சொல்பவர்கள் நிறைய. காரணம் அநேகமாக ஒன்றுதான். டிவி டால்பி டிஜிட்டல் என்ற சுருக்கிய வடிவில் அனுப்புகிறது, சாதாரண ஸ்டீரியோ டாக்குக்கு அந்த மொழி தெரியாது. டிவியின் சவுண்ட் செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்புட் என்ற இடத்தில் 'ஆட்டோ' அல்லது 'பிட்ஸ்ட்ரீம்' என்று இருப்பதை 'பிசிஎம்' என்று மாற்றுங்கள். உடனே சத்தம் வந்துவிடும். வால்யூமை டிவி ரிமோட்டிலேயே மாற்ற வேண்டும் என்று வீட்டில் உள்ளவர்கள் விரும்பினால், ஹெச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியின் சத்தத்தை ஹெச்டிஎம்ஐ கேபிள் வழியே வெளியே தரும் இணைப்பு) உள்ள டாக்காகப் பாருங்கள். தினமும் நாலு பேர் தொடும் கருவிக்கு அந்த வசதி முக்கியம்.

சிடி பிளேயரில் கோஆக்சியல் (டிஜிட்டல் சிக்னலைக் கம்பியில் அனுப்பும் வட்ட சாக்கெட்) இருந்தால் அதையே பயன்படுத்தலாம். 75 ஓம் கேபிள் என்று கேட்டு வாங்குங்கள். பழைய டிவி வீடியோ கேபிளும் 75 ஓம்தான் என்பதால் அவசரத்துக்கு அதுவும் ஆகும். ஒரு எச்சரிக்கை: கோஆக்சியல் சாக்கெட்டும் ஆர்சிஏ ஆடியோ சாக்கெட்டும் (ஆம்ப்ளிஃபையரில் சிவப்பு, வெள்ளையாக ஜோடியாக இருப்பவை) பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். டிஜிட்டல் அவுட்டைத் தவறிப்போய் ஆம்ப்ளிஃபையரின் ஆடியோ இன்புட்டில் செருகினால் வருவது இசையாக இருக்காது. பக்கத்தில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் செருகுங்கள்.

ப்ளூடூத் வசதிக்காக இருக்கட்டும். சிடி தரத்துக்கு வினாடிக்கு 1,411 கிலோபிட் வேண்டும். ப்ளூடூத்தின் உயர்தர முறைகளில் ஒன்றான எல்டிஏசி அதிகபட்சமாகத் தருவதே 990. காதுக்கு அது மோசமாகத் தெரியாது, விருந்தினர் போனிலிருந்து பாட்டு போட மிகவும் சௌகரியம். ஆனால் அதையே முதன்மை வழியாக வைத்துக்கொண்டு விலை உயர்ந்த டாக் தேடுவதில் பொருளில்லை.

வெளியே போகும் வழி

ஆம்ப்ளிஃபையரில் ஆர்சிஏ மட்டும் இருந்தால் டாக்கிலும் அது போதும். பொதுவாக டாக்கின் ஆர்சிஏ உச்ச சத்தத்தில் 2 வோல்ட் தரும். எக்ஸ்எல்ஆர் பேலன்ஸ்டு வழி (மூன்று முள் உள்ள பெரிய பிளக்) அநேகமாக 4 வோல்ட். இந்த இரட்டிப்பு 6 டெசிபெல் சத்தம் கூடுதல். எக்ஸ்எல்ஆருக்கு மாறியதும் "ஆஹா, என்ன துல்லியம்!" என்று பலர் சொல்வதில் இந்தச் சத்த வித்தியாசத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கேபிள் நீளம் அதிகம், ஆக்டிவ் ஸ்பீக்கர் (உள்ளேயே ஆம்ப்ளிஃபையர் கொண்டது) தூரத்தில் இருக்கிறது என்றால் எக்ஸ்எல்ஆர் உண்மையிலேயே நல்லது, வெளியிலிருந்து வரும் இரைச்சலை அது வெட்டிவிடும். ஒரே அலமாரியில் அரை மீட்டர் தூரத்துக்கு ஆர்சிஏ தாராளம்.

ஆம்ப்ளிஃபையரில் ஆக்ஸ், சிடி, லைன் இன் எதில் வேண்டுமானாலும் செருகலாம். 'ஃபோனோ' என்று எழுதிய இடத்தில் மட்டும் வேண்டாம். அது ரெக்கார்ட் பிளேயருக்கானது. மிகச் சிறிய சிக்னலை 40 டெசிபெல் அளவுக்கு உயர்த்தும், பேஸையும் கூட்டும். டாக்கை அதில் போட்டால் சத்தம் கொடூரமாகச் சிதறும்.

அப்புறம் வால்யூம். டாக்கில் வால்யூம் குமிழ் இருந்தால், அதை 'ஃபிக்ஸ்டு' நிலையில் வைக்க முடியுமா என்று மெனுவில் பாருங்கள். ஆம்ப்ளிஃபையரில் வால்யூம் இருக்கும்போது டாக்கை ஃபிக்ஸ்டில் வைத்துவிட்டு ஆம்ப்ளிஃபையரிலேயே கூட்டிக் குறைப்பது நல்லது. வால்யூமே இல்லாத பவர் ஆம்ப்ளிஃபையர் அல்லது ஆக்டிவ் ஸ்பீக்கர் என்றால் கதை தலைகீழ்: டாக்கை 'வேரியபிள்' ஆக்கி, முதல் பாட்டுக்கு முன்னால் வால்யூமை அடிமட்டத்துக்கு இறக்கிவிடுங்கள். இதில் ஃபிக்ஸ்டில் விட்டால் முழு 2 வோல்ட்டும் நேரே ஆம்ப்ளிஃபையருக்குப் போய், ஸ்பீக்கர் முழுச் சத்தத்தில் அலறும். ட்வீட்டர் போய்விடலாம், காதுக்கும் ஆபத்து.

பெட்டியில் அச்சிட்ட எண்கள்

32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ் (வினாடிக்கு எத்தனை ஆயிரம் எண்கள் என்பது) என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். 16 பிட்டே சுமார் 96 டெசிபெல் வீச்சு தருகிறது. 24 பிட் கணக்குப்படி 144, ஆனால் மின்சுற்றின் இயல்பான இரைச்சலால் மிகச் சிறந்த டாக்கும் நடைமுறையில் அதை எட்டுவதில்லை. 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வாங்கினால் கடையில் கிடைக்கும் கிட்டத்தட்ட எல்லா இசைக்கும் போதும். எம்க்யூஏ என்ற இசை ஃபைல் வடிவத்தின் முத்திரைக்காகக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். இசை ஸ்ட்ரீமிங் சேவையான டைடல் 2024-இலேயே அதை விட்டு ஃபிளாக் (தரம் குறையாத ஃபைல் வடிவம்) முறைக்கு மாறிவிட்டது.

எந்தச் சிப் சிறந்தது என்ற வாக்குவாதத்துக்கு 2020-இல் ஒரு பதில் கிடைத்தது என்பேன். அந்த அக்டோபரில் ஜப்பானின் நொபேயோகாவில் இருந்த, டாக் சிப் தயாரிக்கும் ஏகேஎம் நிறுவனத்தின் தொழிற்சாலை எரிந்தது. அந்தச் சிப்பை நம்பியிருந்த பல நிறுவனங்கள் இஎஸ்எஸ் போன்ற வேறு சிப்புகளுக்கு மாறி, அதே வரிசை டாக்குகளைத் தொடர்ந்து விற்றன. நல்ல மின்சுற்று போடத் தெரிந்தவர்களின் டாக், சிப் மாறிய பிறகும் அளவீட்டில் நன்றாகவே தேறியது, நன்றாகவே பாடியது. பவர் சப்ளை, அவுட்புட் சுற்று, நல்ல சர்வீஸ், தெளிவான பட்டன்கள் இவற்றைப் பார்த்து வாங்குங்கள்.

இணைத்த பிறகு

எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டுக் கேபிள்களைப் போடுங்கள். முதலில் டாக் ஆன், கடைசியில் ஆம்ப்ளிஃபையர். அணைக்கும்போது ஆம்ப்ளிஃபையர் முதலில். விண்டோஸில் சவுண்ட் செட்டிங்கில் டாக்கைத் தேர்ந்தெடுத்து, அதிகம் கேட்பது சிடி தரம் என்றால் 44.1 கிலோஹெர்ட்ஸ் என்று வையுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் ஒவ்வொரு பாட்டையும் வேறு வேகத்துக்கு மாற்றி அனுப்பும். பிளேயர் ஆப்பில் 'எக்ஸ்க்ளூசிவ்' இருந்தால் அதை ஆன் செய்தால் போதும், வேகம் பாட்டுக்குப் பாட்டு தானாக மாறும். மேக்கில் இதே வேலை 'ஆடியோ மிடி செட்டப்'பில். டாக்கின் சின்னத் திரையில் 44.1 என்று தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று தொடர்ந்து ஒரு ரீங்காரம் வந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். என் வீட்டிலும் அப்படித்தான் கண்டுபிடித்தோம். சார்ஜர் போனதும் சத்தமும் போனது. சார்ஜருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் இடையே எர்த் வழியாக ஒரு சுற்று உருவாகியிருந்தது. எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் போட்டால் பாதி சமயம் தீரும். தீராவிட்டால் ஆப்டிகல் வழிக்கு மாறுங்கள், அல்லது யூஎஸ்பி ஐசொலேட்டர் (மின் தொடர்பைத் துண்டித்து டேட்டாவை மட்டும் கடத்தும் சிறு கருவி) ஒன்று நடுவில் போடுங்கள். எர்த் பின்னை உடைப்பது, டேப் ஒட்டி மறைப்பது இரண்டும் உயிருக்கே ஆபத்து. அதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுக் கேட்க ஆசையாக இருக்கும், கேட்கவும் வேண்டும். ஆனால் சத்தத்தைச் சமன் செய்யாமல் கேட்டால் சத்தம் கூடியதுதான் எப்போதும் ஜெயிக்கும். ஒரே டோன் ஃபைலைக் (மாறாத ஒற்றை ஒலி) குறைந்த வால்யூமில் இரண்டிலும் ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரால் ஏசி வோல்ட்டை அளந்து, ஒரு சதவீத வித்தியாசத்துக்குள் கொண்டுவாருங்கள். பிறகு வேறொருவரை மாற்றிமாற்றிப் போடச் சொல்லி, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேளுங்கள். தம்புராவின் சுருதி மெல்லத் தேய்ந்து அடங்கும் ஒரு பதிவு இதற்கு அருமையாக உதவும். இரைச்சல் இருந்தால் அந்த அடங்கலில்தான் அது காட்டிக்கொடுக்கும். அப்படிக் கேட்டும் வித்தியாசம் தெரியவில்லையென்றால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் புதியதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.