‘என் தாங்கள்’ என்று யாராவது சொல்வார்களா?

சாட்சிக் கூண்டில் ஏறியதும் நீதிபதியை அழைக்கப் பலருக்கு வாயில் வருவது சினிமா வசனம்தான்: “கனம் கோர்ட்டார் அவர்களே!” அவமரியாதை இல்லை, ஆனால் தேவையும் இல்லை. மாவட்ட நீதிமன்றமோ நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றமோ, “ஐயா” போதும். பெண் நீதிபதி என்றால் “அம்மா”. வழக்கறிஞர்களுக்கு, அவர்களை நெறிப்படுத்தும் அமைப்பான இந்திய பார் கவுன்சில் 2006-இல் வகுத்த விதியே, கீழமை நீதிமன்றங்களில் ‘சார்’ அல்லது அதற்கு ஈடான வட்டார மொழிச் சொல் என்றுதான் சொல்கிறது.

குழப்பமெல்லாம் மேலே போனால்தான். உயர், உச்ச நீதிமன்றங்களில் ‘யுவர் ஹானர்’ என்கிறது அதே விதி. ‘மை லார்ட்’ காலனி காலத்து எச்சமாம். சரி என்று விதியை நம்பி 2021-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு சட்ட மாணவர் ‘யுவர் ஹானர்’ என்றார். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தையோ மாஜிஸ்திரேட்டையோ மனதில் வைத்துப் பேசுகிறீர்களா என்று கேட்டுவிட்டார் அப்போதைய தலைமை நீதிபதி பாப்டே. சென்னை உயர் நீதிமன்றத்திலோ, அங்கே நீதிபதியாக இருந்த கே. சந்துரு, தன்னை ‘மை லார்ட்’ என்று அழைக்கவே வேண்டாம் என்றவர். ‘மை லார்ட்’ கட்டாயமில்லை, மரியாதையாக அழைத்தால் போதும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதோடு நிறுத்திக்கொண்டது. ஆகவே உங்கள் முறை வரும்வரை, அந்த அறையில் மற்றவர்கள் எப்படி அழைக்கிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

‘மை லார்ட்’ விளிக்கும் சொல். ‘தாங்கள்’ வரும் இடத்தில் ‘யுவர் லார்ட்ஷிப்’. இரண்டையும் கலந்து ‘மை லார்ட்ஷிப்’ என்பது, ‘என் தாங்கள்’ என்பது போலத்தான்.

எழுத்தில் பெரிய தொல்லை, பட்டத்தை ஏற்றிவிடுவது. ‘நீதியரசர்’ என்பது வழக்கமாக உயர், உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு. மாவட்ட நீதிபதியை அப்படி எழுதினால் மரியாதை கூடிவிடாது. எழுதியவருக்கு விவரம் தெரியவில்லை என்றுதான் படும். குற்றவியல் நடுவர், நடுவர்தான். ‘உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி’ என்று நாளிதழ்களே எழுதினாலும், அரசமைப்புச் சட்டத்தில் அந்தப் பதவியின் பெயர் ‘இந்தியத் தலைமை நீதிபதி’.

அப்புறம், நடந்துகொண்டிருக்கும் வழக்கைப் பற்றி நீதிபதியின் பெயருக்கே கடிதம் போடும் பழக்கம். விளி எவ்வளவு திருத்தமாக இருந்தாலும் அந்தக் கடிதமே தவறு. சொல்ல வேண்டியதை மனுவாக, வழக்கு எண்ணோடு, நீதிமன்றத்தின் பெயருக்குத் தாக்கல் செய்யுங்கள். நீதிபதி மாறுதலாகிப் போனாலும் மனு அங்கேயே இருக்கும்.