இங்கிலாந்துக்குக் குடிபோகும் டர்பன் தமிழருக்கு

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் நான் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பெற்றோரில், ஆண்டுக்கு ஒன்றிரண்டு குடும்பமாவது இங்கிலாந்தில் வேலை கிடைத்துப் புறப்பட்டுவிடுகிறது. பெரும்பாலும் செவிலியர், சில சமயம் ஆசிரியர். அங்கே ஆறு ஆண்டுகள் ஒரு தொடக்கப் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவள் என்பதால், பெட்டி கட்டுவதற்கு முன் என்னிடம் வந்து கேட்டுப் போகிறார்கள். கேட்கும்போதே, "இங்கிலீஷ்தானே ஆன்ட்டி, நம் வீட்டில் பேசுவதும் அதுதானே" என்று தமக்குத் தாமே தைரியமும் சொல்லிக்கொள்கிறார்கள். சறுக்குவது அங்கேதான். ஜெர்மனிக்குப் போகிறவர் எதையும் கேட்டுக் கேட்டுச் செய்வார். இங்கிலாந்துக்குப் போகிறவர் எல்லாம் தெரிந்தது என்று எண்ணிக் கேட்காமலே செய்துவிடுவார்.

முதலில் நேரம் குறிக்கும் சொற்கள். நாம் "ஜஸ்ட் நவ்" என்றால் கை ஒழிந்தபோது, இன்றைக்குள் எப்போதாவது, என்று பொருள். "நவ் நவ்" என்றால் அதைவிடக் கொஞ்சம் சீக்கிரம். அங்கே "ஜஸ்ட் நவ்" என்றால் இந்த நொடி, அல்லது சற்று முன்பு. வேலையில் சேர்ந்த இரண்டாம் வாரம், வருகைப் பதிவேட்டைக் கேட்ட மேலாளரிடம் "ஜஸ்ட் நவ் தருகிறேன்" என்று சொல்லிவிட்டு நான் தேநீர் போடப் போய்விட்டேன். கோப்பையோடு திரும்பியபோது அவர் என் மேசையருகே அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். "பரவாயில்லை" என்றார். அந்தப் பரவாயில்லையில் பரவாயில்லை என்ற பொருளே இல்லை என்பது விளங்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. ஆகவே கடிகாரத்தை வைத்தே பேசுங்கள்: பத்து நிமிடம், மூன்று மணி, நாளைக் காலை.

வழி சொல்லும்போது "ரோபோவில் இடப்பக்கம் திரும்புங்கள்" என்றால் எதிரில் இருப்பவர் விழிப்பார்; அங்கே அது டிராஃபிக் லைட். சாமான் ஏற்றும் சிறு வண்டியைப் பக்கி என்றால் அவர்களுக்குத் தெரியாது. பிக்கப் என்று சொல்ல வேண்டும். நாம் டாக்கீஸ் என்று சொல்லும் காலணி அங்கே டிரெய்னர்ஸ். (தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒருவரிடம் டாக்கீஸ் வாங்கப் போகிறேன் என்று சொன்னபோது, சினிமாக் கொட்டகையா என்று கேட்டார், அது வேறு கதை.) மிகவும் கவனிக்க வேண்டிய சொல் "ஷேம்". கைக்குழந்தையைப் பார்த்து நாம் ஆசையோடு "ஆ, ஷேம்" என்போம். அங்கே ஒரு தாயிடம் அப்படிச் சொன்னால், குழந்தைக்கு என்ன குறை கண்டாய் என்று மனம் கோணுவாள். வட இங்கிலாந்தில் யாராவது ஐந்து மணிக்கு "டீ"க்கு அழைத்தால் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள்; அவர்கள் அழைத்தது இரவுச் சாப்பாட்டுக்கு.

"யூ ஆல்ரைட்?" என்று கேட்டால் உங்கள் முகம் வாடியிருக்கிறது என்று பொருளல்ல, அது வெறும் வணக்கம். "யெஸ், யூ?" என்று சொல்லி நடந்துகொண்டே இருக்கலாம். கடைக் கல்லாவில் இருப்பவரிடம் நலம் விசாரித்து, அவருடைய முழங்கால் வலி வரை கேட்டுவிட்டுச் சாமானை எடுத்து வைக்கும் நம் பழக்கத்துக்கு அங்கே இடம் குறைவு. வயதில் மூத்தவரை ஆன்ட்டி, அங்கிள் என்று அழைக்கும் வழக்கமும் நம் ஆட்களிடையே மட்டும்தான் செல்லும். தலைமை ஆசிரியரையே சக ஊழியர் பெயர் சொல்லி அழைப்பார்கள். நாக்கு கூசும், பழகிவிடும்.

வீட்டுக்கு வருவோம். மின் அழுத்தம் இரண்டு நாட்டிலும் 230 வோல்ட் என்பதால் மிக்சி, கிரைண்டர் எல்லாம் ஓடும். ஆனால் நம்முடைய மூன்று உருண்டை முள் பிளக் அங்கே நுழையாது. சதுர முள்ளும் உள்ளே ஃபியூஸும் உள்ள பிளக்கை மாட்டிக்கொள்ள வேண்டும். குளியலறையில் பொதுவாகச் சவரக் கருவிக்கானதைத் தவிர வேறு சாக்கெட் இராது. விளக்குக்குக் கயிற்றை இழுக்க வேண்டும். துணி துவைக்கும் இயந்திரம் சமையலறையில் இருக்கும். நாம் கீசர் என்பதை அங்கே பாய்லர் என்பார்கள். பல வீடுகளில் அதே பாய்லர்தான் ரேடியேட்டர்களையும் சூடாக்கும்.

சமையலில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். டர்பனில் பின்கதவைத் திறந்து வைத்துக் கடுகு தாளித்தே பழகிய கை நம்முடையது. அங்கே ஜன்னல் சாத்திய சிறு சமையலறையில் கடுகு வெடித்து, மிளகாய் கறுத்து, கறிவேப்பிலை எண்ணெயில் விழுகிற நேரத்தில் கூடத்துக் கூரையிலுள்ள புகை எச்சரிக்கை மணி அலறத் தொடங்கும். சிலர் நாற்காலி போட்டு ஏறி அதன் பேட்டரியைக் கழற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒவ்வொரு மாடியிலும் அதை வைத்திருப்பது வாடகை வீட்டு உரிமையாளரின் சட்டப்படியான கடமை. எண்ணெய் காய்வதற்கு முன்பே புகைபோக்கி விசிறியைப் போட்டு, ஜன்னலை ஒரு சாண் திறந்து, கூடத்துக் கதவைச் சாத்திவிட்டால் போதும். குளிருக்குப் பயந்து ஜன்னலைத் திறக்காமலே இருந்தால், சமையல் ஆவியும் வீட்டுக்குள் காயப்போட்ட துணியின் ஈரமும் சேர்ந்து சுவரில் கரும்பூசணம் படியும். வீட்டைக் காலிசெய்யும்போது அது வைப்புத்தொகையைத் தின்னும்.

ஜன்னல்களில் இரும்புக் கம்பி இராது, வாசலில் மின்வேலி இராது. முதல் வாரம் தூக்கம் வராது. கதவிலுள்ள துளை வழியாக விழும் தபாலை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். நம் ஊரில் தபாலை நம்புவதை விட்டு வெகுநாளாகிவிட்டது. அங்கே மருத்துவமனைத் தேதியும் வங்கி அட்டையும் இன்றும் கடிதமாக வந்து விழும்.

கார் ஓட்டுகிறவர்களுக்கு இடப்பக்கப் பாதை பழகியதுதான். ஆனால் வேகம் மைலில்: ஊருக்குள் பொதுவாக 30 மைல், அதாவது 48 கிலோமீட்டர். நான்கு பக்கமும் நின்று முதலில் வந்தவர் முதலில் போகும் நம்முடைய ஃபோர்-வே ஸ்டாப் அங்கே இல்லை என்றே சொல்லலாம். ரவுண்டபவுட்டில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழி விட வேண்டும். பெட்ரோல் போட ஆள் வரமாட்டார். ஜன்னலை இறக்கிவிட்டுக் காத்திருந்தால் பொழுதுதான் போகும். பச்சைக் கைப்பிடி பெட்ரோல், கறுப்பு டீசல் என்று பார்த்து நீங்களே போட்டு, உள்ளே போய்ப் பம்ப் எண்ணைச் சொல்லிப் பணம் கட்ட வேண்டும். தென்னாப்பிரிக்க உரிமத்தோடு 12 மாதம் ஓட்டலாம். குடியேறிய ஐந்து ஆண்டுக்குள் தேர்வு எழுதாமலே மாற்றிக்கொள்ளலாம் என்றாலும், 12 மாதம் முடிந்தபின் மாற்றாமல் ஓட்டக் கூடாது.

மருத்துவத்தில் நம் மெடிக்கல் எய்டு (மருத்துவக் காப்பீடு) கணக்கை மறந்துவிடுங்கள். போய்ச் சேர்ந்த வாரமே குடியிருப்புப் பகுதி டாக்டரிடம் குடும்பத்தைப் பதிவு செய்யுங்கள், அதற்குக் கட்டணமில்லை. நோய் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆசிரியராகப் போகிறவர் விசாவோடு ஆண்டுக்கு 1,035 பவுண்டு உடல்நலக் கட்டணம் கட்ட வேண்டும். செவிலியருக்குரிய விசாவில் அது இல்லை. அவசரத்துக்கு 999; அவசரமில்லாத சந்தேகத்துக்கு 111. டிசம்பரில் லண்டனில் காலை எட்டு மணிக்கு விடிந்து மாலை நான்கு மணிக்குள் இருட்டிவிடும். நம் நிறத்தவர் ஆண்டு முழுவதும் நாளுக்கு 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்வதைப் பற்றி யோசிக்கும்படி அரசே சொல்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி ஆண்டு ஜனவரியில் அல்ல, செப்டம்பரில் தொடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் ஆறு மணி நேரமே திறந்திருக்கும். பில்டாங் கொண்டுபோகாதீர்கள், இங்கிருந்து இறைச்சிப் பொருள் கொண்டுபோகத் தடை உண்டு. மசாலாத் தூளை இரட்டைப் பையில் கட்டி எடுத்துப் போகலாம்.

யாரும் கேட்காத, ஆனால் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று சாவு வீடு. இங்கே ஓரிரு நாளில் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்து, தெருவே கூடி, தகனத்தையும் முடித்துவிடுவோம். அங்கே 2024 செப்டம்பரிலிருந்து எல்லா மரணத்தையும் மருத்துவப் பரிசோதகரோ மரண விசாரணை அதிகாரியோ பார்த்தாக வேண்டும், அதன்பின் பதிவு, அதன்பின் தகன நிலையத்தில் நாள் கிடைக்க இரண்டு மூன்று வாரம் ஆவது சாதாரணம். கிடைக்கும் நேரமும் அரை மணியோ முக்கால் மணியோதான். ஐயரிடம் முன்கூட்டியே சொல்லிச் சடங்கைச் சுருக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பதினாறாம் நாள் காரியத்தை இறந்த நாளிலிருந்து எண்ணினால் சில குடும்பங்களுக்குத் தகனத்துக்கு முன்பே அந்த நாள் வந்துவிடும். எதிலிருந்து எண்ணுவது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் இங்கிருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். டர்பனிலிருந்து வரும் உறவினருக்கு விசா வேண்டும். ஆகையால் செய்தி சொல்லும் முதல் அழைப்பிலேயே, தகன நாள் உறுதியாகும்வரை டிக்கெட் எடுக்க வேண்டாம், ஆனால் விசாவுக்கு இன்றே விண்ணப்பியுங்கள் என்று சொல்லிவிடுங்கள்.